கிளைவஸில் ஒரு கரும்புள்ளி

தலை எம்.ஆர்.ஐ. எதற்காக எடுத்ததாக இருந்தாலும் நான் முதலில் திறப்பது நடுக்கோட்டு டி1 படத்தைத்தான். மூக்கு நுனியிலிருந்து பிடரிவரை தலையை நேர்பாதியாக வெட்டிப் பக்கவாட்டில் காட்டும் படம் அது. பிட்யூட்டரி சுரப்பி உட்கார்ந்திருக்கும் குழிக்குப் பின்னாலிருந்து கழுத்து தொடங்கும் இடம்வரை சரிந்து இறங்கும் எலும்பு ஒன்று அதில் தெரியும். அதுதான் கிளைவஸ். அதற்குப் பின்னால், சில மில்லிமீட்டர் நீர்ப்பரப்பைத் தாண்டினால், மூளைத்தண்டின் பான்ஸ் பகுதி. இரண்டுக்கும் நடுவே பேசிலார் தமனி ஏறுகிறது. நடுவயதுக்காரரின் கிளைவஸ் இந்தப் படத்தில் வெளுத்திருக்க வேண்டும். உள்ளே மஜ்ஜை பெரும்பாலும் கொழுப்பாக மாறியிருக்கும். குழந்தைக்கு அதே எலும்பு கருத்திருக்கும், ரத்தம் உற்பத்தியாகும் சிவப்பு மஜ்ஜை என்பதால். வயது ஏற ஏறத் திட்டுத் திட்டாக வெளுத்துக்கொண்டே வரும். ஆகவே நாற்பது வயதுக்காரருக்கு அந்த வெளுப்பின் நடுவே ஒரு கரும்புள்ளி இருந்தால் என் கண் அங்கே நின்றுவிடும்.

அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்க ஒரு வருடப் பயிற்சி போதும். அதைத் தொடாமல் விடலாம் என்று காரணத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட எனக்கு வெகுகாலம் பிடித்தது.

அந்தப் புள்ளியின் கதை கருவில் தொடங்குகிறது. கரு உண்டான மூன்றாவது வாரத்தில் அதன் நடுவே நீளவாக்கில் ஒரு தண்டு உருவாகிறது. பள்ளி விலங்கியலில் படித்த முதுகுநாண்தான் அது. நரம்புக்குழாய் எங்கே உருவாக வேண்டும், முதுகெலும்புகள் எங்கே அடுக்கப்பட வேண்டும் என்பதற்கெல்லாம் அந்தத் தண்டிலிருந்துதான் உத்தரவு போகிறது. வேலை முடிந்ததும் எலும்புகள் அதைச் சுற்றி வளர்ந்து மூடிவிடுகின்றன. முதுகெலும்புத் தட்டுகளின் நடுவே இருக்கும் கூழ்போன்ற பகுதி அதன் வழிவந்தது. மற்ற இடங்களில் அது கரைந்துபோக வேண்டும். சிலருக்குக் கொஞ்சம் மிஞ்சிவிடுகிறது. தண்டின் கீழ்முனை வாலெலும்புப் பக்கம், மேல்முனை பிட்யூட்டரிக்குச் சற்றுப் பின்னால். மிச்சங்கள் அதிகம் தங்குவதும் இந்த இரண்டு முனைகளில்தான். கிளைவஸுக்குள் அந்தத் தண்டு நேராகப் போவதில்லை. எலும்பின் பின்பரப்பை ஒட்டியும், நடுவே துளைத்தும், சில இடங்களில் தொண்டையின் மேற்கூரையைத் தொட்டும் வளைந்து போகிறது. அதனால் மிச்சமும் எலும்புக்குள் இருக்கலாம், எலும்பின் முதுகில் ஒரு காம்பில் தொங்கலாம்.

பின்பரப்பில் ஒட்டியிருக்கும் இந்தச் சிறு கூழ்த்துண்டை 1850களில் ஜெர்மனியில் பிரேதப் பரிசோதனை செய்தவர்களே பார்த்துவிட்டார்கள். லுஷ்கா 1856இல் விவரித்தார். மறுவருடம் விர்ச்சோ அதைக் குருத்தெலும்பு என்று தீர்மானித்தார். 1858இல் முல்லர்தான் இது முதுகுநாணிலிருந்து வந்ததாக இருக்கலாம் என்றார். 1890களில் ரிப்பர்ட் அதை நிலைநிறுத்தினார். எக்கார்டோசிஸ் பைசாலிஃபோரா என்ற நாக்குச் சுளுக்கும் பெயர் அந்த வழியில் வந்து இன்றும் எங்கள் ரிப்போர்ட்டுகளில் நிற்கிறது. வேறு காரணத்தால் இறந்தவர்களைச் சோதித்தபோது நூறு பேரில் ஒருவர் இருவருக்கு இது இருந்திருக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் தேடிப் பார்த்தவர்களும் கிட்டத்தட்ட அதே விகிதத்தைத்தான் சொல்கிறார்கள்.

இதே முதுகுநாண் செல்களிலிருந்து கோர்டோமா என்ற புற்றுநோயும் வருகிறது. மெதுவாக வளரும், எலும்பை அரிக்கும், எடுத்தாலும் திரும்ப வரும் நோய். வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது. அதிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மண்டையோட்டின் அடித்தளத்தில். ஒன்று புதிதாக வருவதன் கணக்கு, மற்றது ஏற்கெனவே இருப்பதன் கணக்கு. இரண்டையும் நேருக்கு நேர் வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் தலைவலிக்கு எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தென்பட்ட ஒரு சிறு புள்ளி எந்தப் பக்கத்தைச் சேர்ந்ததாக இருக்கும் என்று யோசிக்கும்போது இந்த எண்கள் மனதில் இருந்தாக வேண்டும். பல ரிப்போர்ட்டுகளில் அவை இருப்பதில்லை.

ஒரு மாலை, கல்லூரி முடித்த மகளோடு ஒரு தகப்பனார் வந்தார். சொந்த ஊரில் மளிகைக்கடை. மகளுக்கு மாதக்கணக்கில் ஒற்றைத் தலைவலி; வெளிச்சம் பட்டால் கூடும், தூங்கினால் அடங்கும். ஒரு ஸ்கேன் சென்டரில் எடுத்த ரிப்போர்ட்டில் கிளைவஸில் 9 மில்லிமீட்டர் புண், கோர்டோமாவாக இருக்கலாம், பயாப்ஸி செய்யவும் என்று இருந்தது. அவர் கூகுளில் பார்த்துவிட்டார். பெண்ணை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்: "கேன்சர்தானா டாக்டர்? நிச்சயதார்த்தம் பேசி வச்சிருக்கோம். பையன் வீட்ல என்னன்னு சொல்றது? சொல்லாமயும் இருக்க முடியாதே."

நான் படங்களைத் திறந்தேன். புள்ளி நடுக்கோட்டில் சரியாக இருந்தது. டி1இல் கருப்பு, நீர் வெளுத்துத் தெரியும் டி2 படத்தில் நல்ல வெள்ளை. கான்ட்ராஸ்ட் ஊசி போட்டும் துளிகூட ஏறவில்லை. எலும்பின் வெளி ஓடு எங்கும் உடையவில்லை. ஆனால் சி.டி. எடுத்திருக்கவில்லை, அது இல்லாமல் நான் எதையும் சொல்வதில்லை. மறுநாள் மெல்லிய வெட்டில் சி.டி. எடுத்தோம். கிளைவஸின் எலும்பு இழைகள் அப்படியே இருந்தன. புள்ளி இருந்த இடத்தில் கொஞ்சம் அடர்த்தி கூடியிருந்தது, அவ்வளவுதான். புற்றுநோய் உட்கார்ந்த இடத்தில் இழைகள் தப்புவதில்லை. எலும்புக்குள் தங்கிய முதுகுநாண் மிச்சமான தீங்கற்ற முதுகுநாண் செல் கட்டியோ அவற்றின் நடுவே, அவற்றைக் கலைக்காமல் குடியிருக்கும்.

பெண்ணையும் உள்ளே கூப்பிட்டேன். தன் தலைக்குள் இருப்பதைப் பற்றிப் பேசும்போது அவளை வெளியே வைக்க எனக்கு மனமில்லை. அம்மா வயிற்றில் இருந்தபோது முதுகெலும்பு உருவாக உதவிய ஒன்றின் மிச்சம் இது, பிறந்ததிலிருந்தே உன்னோடு இருக்கிறது, தலைவலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆறு மாதத்தில் ஒருமுறை மறுபடி பார்ப்போம் என்றேன். "அப்ப எடுக்க வேணாமா சார்?" என்று அவள்தான் கேட்டாள். வேண்டாம் என்றேன். தகப்பனார் நம்பவில்லை. வேறு ஒரு பெரிய மருத்துவமனையில் காட்டட்டுமா என்று தயங்கினார். காட்டுங்கள் என்று சி.டி. படங்களையும் என் ரிப்போர்ட்டையும் சேர்த்துக் கொடுத்தேன். இரண்டாவது கருத்துக் கேட்பது அவர் உரிமை. அங்கேயும் அதையே சொன்னார்கள். தலைவலிக்கு நரம்பியல் மருத்துவர் கொடுத்த தடுப்பு மாத்திரையில் அது குறைந்தது. கல்யாணம் நடந்தது. தலைப்பிரசவத்துக்கு முன்னால் ஒரு ஸ்கேன் வர வேண்டியிருந்தது. கர்ப்பத்தில் கடோலினியம் கான்ட்ராஸ்ட் ஊசி போடுவதில்லை, அவசரமும் இல்லை என்று பிரசவம் கழியும்வரை தள்ளிவைத்தோம். குழந்தைக்கு ஆறு மாதமானபோது எடுத்த படத்திலும் அதே 9 மில்லிமீட்டர்தான்.

அந்த ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் எழுதியவரைக் குறைசொல்வது சுலபம். தீங்கற்ற முதுகுநாண் செல் கட்டி உலக சுகாதார நிறுவனத்தின் எலும்புக் கட்டி வகைப்பாட்டில் தனி இடம் பெற்றதே 2013இல்தான். அதற்கு முன் படித்தவர்கள் பலருக்குக் கிளைவஸில் முதுகுநாண் என்றால் கோர்டோமா மட்டுமே. ஆனால் "பயாப்ஸி செய்யவும்" என்ற வரிமேல் எனக்குக் கோபம் உண்டு. கிளைவஸில் பயாப்ஸி என்பது கையில் ஊசி குத்துவதல்ல. மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பை விட்டு, ஸ்பீனாய்டு அறையைத் திறந்து, இருபுறமும் கரோட்டிட் தமனிகளுக்கு நடுவே எலும்பைத் துளைத்துப் போக வேண்டும். போய் எடுத்துவந்தாலும் கேள்வி தீர்வதில்லை. முதுகுநாண் செல்லை அடையாளம் காட்டும் பிராக்யூரி என்ற புரதத்தை 2006இல் கோர்டோமாவின் அடையாளமாகக் கண்டுபிடித்தார்கள். எங்கள் துறைக்கு அது பெரிய வரம். ஆனால் மிச்சமும் முதுகுநாண் செல்தானே. அதிலும் பிராக்யூரி இருக்கும். கோர்டோமாவில் செல்கள் கோழைபோன்ற பொருளில் மிதக்கும், நார்த்தடுப்புகளால் பாத்தி பாத்தியாகப் பிரிந்திருக்கும். தீங்கற்றதில் கொழுப்பு செல்போலத் தோன்றும் வெற்றுக்குமிழ்ச் செல்கள் மஜ்ஜையோடு கலந்து கிடக்கும். முழுத்துண்டு கையில் இருந்தால் நோய்க்குறியியல் மருத்துவர் பிரித்துவிடுவார். கடுகளவு துண்டில், அதுவும் எலும்பைக் கரைக்கும் அமிலத்தில் ஊறிய பிறகு, எவ்வளவு அனுபவமுள்ளவரும் தடுமாறுவார். அறிகுறியில்லாத, படத்தில் சாதுவாக இருக்கும் புள்ளிக்கு இந்தப் பயாப்ஸி தேவையில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

எலும்பின் முதுகில் தொங்கும் வகைக்கு வேறு வித்தை வேண்டும். அது டி2இல் மூளைநீர் அளவுக்கே வெள்ளை. பான்ஸுக்கு முன்னால் இருக்கும் நீரோடு நிறம் கலந்து மறைந்துவிடும். மெல்லிய வெட்டில் எடுக்கும் ஒரு தனி வரிசை இருக்கிறது. சீமென்ஸ் மெஷினில் சிஸ் என்பார்கள், ஜி.இ. மெஷினில் ஃபியஸ்டா. அதில் பார்த்தால் நீருக்குள் ஒரு சின்ன மொட்டும், அதைக் கிளைவஸோடு இணைக்கும் காம்பும் தெரியும். சி.டி.யில் காம்பு கிளம்பும் இடத்தில் எலும்பில் ஒரு சிறு பள்ளமோ முளையோ, ஓரம் வழவழப்பாக. அந்தக் காம்பு கிடைத்துவிட்டால் எனக்குப் பாதி பாரம் இறங்கிவிடும். அதே இடத்தில் எபிடெர்மாய்டு கட்டியும் வரும், அது டிஃப்யூஷன் படத்தில் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். டெர்மாய்டில் கொழுப்பு இருக்கும். சாதாரண நீர்க்கட்டிக்குக் காம்பு இல்லை.

எலும்புக்குள் கருப்பாகத் தெரிவதற்கு நம் ஊரில் யோசிக்க வேண்டியவை இன்னும் உண்டு. ரத்தசோகை உள்ள பெண்களுக்கு மஜ்ஜை மறுபடி சிவப்பாகிக் கிளைவஸ் முழுக்கக் கருத்துவிடும். அவர்களுடைய கழுத்தெலும்புகளும் அப்படியே இருக்கும். அதைப் பார்த்தாலே போதும். கட்டுப்படாத சர்க்கரை நோயாளிக்குக் காதில் தொடங்கிய கிருமி மண்டையோட்டின் அடித்தளம்வரை பரவும். அதைத் தவறவிட்டால் உயிர் போகும், ஆகவே காதுவலி இருக்கிறதா என்று கேட்காமல் நான் கிளைவஸைப் பற்றி எழுதுவதில்லை. மார்பகம், புராஸ்டேட் போன்ற இடங்களின் புற்றுநோய் அங்கே வந்து குடியேறும். மைலோமாவும் வரும். பிட்யூட்டரி கட்டி கீழ்நோக்கி இறங்கும். நடுக்கோட்டை விட்டு விலகி, எலும்புகள் சேரும் பொருத்தில் இருந்தால் கான்ட்ரோசார்கோமாவை நினைக்க வேண்டும். குழந்தைகளுக்கோ கணக்கே வேறு. ஐஎன்ஐ1 என்ற புரதம் இல்லாமல் போய், வேகமாகப் பரவும் கோர்டோமா வகை ஒன்று சிறுவர்களுக்கு வருகிறது. பிள்ளையின் கிளைவஸில் வளரும் எதையும் "பார்த்துக்கொள்ளலாம்" என்று நான் விட்டதில்லை.

கான்ட்ராஸ்ட் ஏறவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து நிம்மதி அடையவும் கூடாது. சில கோர்டோமாக்களிலும் அது சரியாக ஏறாது. ஒரு லாரி ஓட்டுநர் இதை எங்களுக்கு அழுத்தமாக உணர்த்தினார். இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு நாலாகத் தெரிகிறது, ஒரு கண்ணை மூடினால் சரியாகிவிடுகிறது என்று வந்தார். இடது கண் வெளிப்பக்கம் திரும்பவில்லை. ஆறாவது கபால நரம்பு கிளைவஸின் முதுகை ஒட்டி ஏறி, டொரெல்லோ என்ற குறுகிய சந்து வழியாகப் போகிறது. அங்கே எது இடித்தாலும் முதலில் பாதிக்கப்படுவது அந்த நரம்புதான். படத்தில் ஒன்றரை சென்டிமீட்டர்தான், டி2இல் வெள்ளை, கான்ட்ராஸ்ட் மிக மங்கல். மேலோட்டமாகப் பார்த்தால் மிச்சம்போலவே. ஆனால் சி.டி.யில் பின்பக்க ஓடு அரிக்கப்பட்டிருந்தது, உள்ளே எலும்புத் துகள்கள் சிதறிக் கிடந்தன. அறிகுறியும் அரிப்பும் சேர்ந்து வந்தால் காத்திருக்க இடமில்லை.

அறுவை சிகிச்சை மூக்கு வழியாகத்தான். காது மூக்கு தொண்டை நிபுணரும் நரம்பியல் அறுவை நிபுணரும் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு மூக்குத்துளை என்று சொல்லலாம், நின்று செய்யும் வேலை அது. எடுத்துவிடுவதைவிட மூடுவதுதான் பழைய காலத்தில் பெரிய தலைவலி. மூளைநீர் மூக்கில் ஒழுகும், கிருமி ஏறும். 2006இல் அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரத்து ஹதாத்தும் பஸ்ஸகஸ்டெகியும் மூக்கின் நடுச்சுவர்ச் சளிச்சவ்வை அதன் ரத்தக்குழாயோடு திருப்பி ஓட்டையை மூடும் முறையை வெளியிட்ட பிறகு அந்தப் பயம் வெகுவாகக் குறைந்தது. எங்கள் நிபுணர்கள் இவருக்கும் அப்படித்தான் மூடினார்கள். பரிசோதனையில் கோர்டோமா உறுதியானது. கோர்டோமாவை அடக்க 70 கிரேக்கு மேல் கதிர்வீச்சு வேண்டும். பக்கத்திலிருக்கும் மூளைத்தண்டு தாங்குவது ஏறக்குறைய 54 முதல் 60 கிரேவரை. இந்த இடைவெளியைச் சமாளிக்கத்தான் புரோட்டான். குறித்த ஆழத்தில் சக்தியைக் கொட்டிவிட்டு அதற்கப்பால் போகாமல் நிற்கும் கதிர். 2019இல் சென்னைத் தரமணியில் புரோட்டான் மையம் திறக்கும்வரை இந்தச் சிகிச்சைக்காக வெளிநாடுதான் போக வேண்டியிருந்தது. லாரி ஓட்டுநரை அன்று எந்த வெளிநாட்டுக்கு அனுப்பியிருப்போம்? இவர் சென்னையிலேயே முடித்துக்கொண்டார். சில மாதத்தில் கண் நேரானது.

தீங்கற்றதையும் தொட்டே ஆக வேண்டிய சமயங்கள் வரும். அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா. காலையில் குனிந்து கோலம் போடும்போது மூக்கிலிருந்து தெளிந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுகிறது என்றார். அலர்ஜி, சைனஸ் என்று ஏகப்பட்ட மருந்து சாப்பிட்டிருந்தார். இடையில் ஒருமுறை மூளைக்காய்ச்சல் வேறு வந்து பிழைத்திருக்கிறார். அந்த இரண்டையும் சேர்த்துக் கேட்டால் எந்தக் கதிரியக்க மருத்துவரும் நிமிர்ந்து உட்கார வேண்டும். சொட்டிய நீரில் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் இருந்தது, மூளைநீரேதான். சி.டி.யில் ஸ்பீனாய்டு அறையின் பின்சுவரில் ஊசிமுனை அளவு ஓட்டை. அதற்கு நேர்பின்னால், சிஸ் படத்தில், காம்போடு கூடிய சின்ன மொட்டு. வருடக்கணக்கில் மூளைநீரின் துடிப்பு அந்தக் காம்பின் வழியே எலும்பை மெலிதாக்கியிருக்க வேண்டும். மூக்கு வழியாகப் போய் மொட்டை எடுத்து, கொழுப்பும் சளிச்சவ்வும் வைத்து அடைத்தார்கள். ஒழுகல் நின்றது.

அந்தத் திசு ஆய்வகத்துக்குப் போகும் முன்பே நான் நோய்க்குறியியல் மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். நுண்ணோக்கியில் மட்டும் பார்த்தால் அது முதுகுநாண் செல், பிராக்யூரி இருக்கும். கோர்டோமா என்று எழுதினால் யாரும் தவறு சொல்ல முடியாது. எழுதிவிட்டால் அந்த அம்மாவுக்குத் தேவையில்லாத கதிர்வீச்சு காத்திருக்கும். படங்களை அவர் திரையிலேயே போட்டுக் காட்டினேன்: காம்பு, வழவழப்பான ஓரம், கான்ட்ராஸ்ட் இல்லை. பிறகு சோதித்தபோது, செல் பிரியும் வேகத்தைக் காட்டும் கேஐ-67 அளவும் மிகக் குறைவாக இருந்தது. எக்கார்டோசிஸ் என்று எழுதினார். இந்த நோயில் எங்கள் இருவரில் ஒருவர் தனியாக முடிவெடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பயாப்ஸி படிவத்தில் "கிளைவஸ் கட்டி" என்று இரண்டே சொற்கள் எழுதி அனுப்பும் வழக்கத்தை எங்கள் துறையில் கெஞ்சி மாற்றியிருக்கிறோம்.

ரிப்போர்ட்டையும் இப்போது வேறுவிதமாக எழுதுகிறேன். மூன்று பக்கத்து அளவுகள், எந்த வரிசையில் அளந்தது, சி.டி.யில் எலும்பு எப்படி, கான்ட்ராஸ்ட் எப்படி, ஆறாவது நரம்பு போகும் வழி காலியாக இருக்கிறதா. கடைசியில் தீங்கற்ற முதுகுநாண் மிச்சம் என்றே தெளிவாக எழுதி, அடுத்த ஸ்கேன் எப்போது, எது நடந்தால் அதற்கு முன்னாலேயே வர வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்: இரட்டைப் பார்வை, விழுங்கச் சிரமம், மூக்கில் தெளிந்த நீர். "மறுக்க முடியாது", "தொடர்பு பார்க்கவும்" போன்ற வரிகள் எழுதியவரைக் காப்பாற்றும். ஆனால் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஊர் திரும்புகிறவருக்கு அந்த ராத்திரி தூக்கம் இருக்காது. பழைய படங்கள் இருக்கும் குறுந்தட்டை அரிசி டப்பாவிலோ பீரோவிலோ எங்காவது பத்திரமாக வையுங்கள் என்றும் சொல்லி அனுப்புகிறேன். வளர்ந்திருக்கிறதா என்ற கேள்விக்குப் பழைய படத்தைவிட நல்ல சாட்சி கிடையாது.

எத்தனை வருடம் தொடர்ந்து பார்ப்பது என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. தீங்கற்ற மிச்சமும் கோர்டோமாவும் ஒரே எலும்பில் பக்கத்துப் பக்கத்தில் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று மற்றொன்றாக மாறுமா என்ற விவாதம் நடந்துகொண்டே இருக்கிறது. நாங்கள் முதல் மறுஸ்கேனை ஆறு மாதத்திலும், பிறகு வருடத்துக்கு ஒருமுறையும் எடுக்கிறோம். காம்போடு தொங்கும் வகை ஐந்து வருடம் அசையாமல் இருந்தால், இனி அறிகுறி வந்தால் மட்டும் வாருங்கள் என்று நான் எழுதிவிடுவேன். எலும்புக்குள் இருப்பது பெரிதாக இருந்தால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என நீட்டிக்கிறேன். எங்கள் அறுவை நிபுணர் இதை ஒப்புக்கொள்வதில்லை. எலும்புக்குள் இருக்கும் எதையும் ஆயுள் முழுக்கப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. டூமர் போர்டில் இது வரும்போதெல்லாம் வாதாடுவோம். பிறகு இருவர் சொன்னதையும் நோயாளியின் ஃபைலில் எழுதி, இரண்டையும் அவருக்கே விளக்கிச் சொல்லிவிட்டு, அடுத்த ஸ்கேனுக்கான தேதியை அவரைக் கேட்டுத்தான் குறிக்கிறோம்.